கொடைக்கானல் குளிரிலும் ஃப்ரிட்ஜுக்குள் எறும்பு வருகிறது, என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் கொடைக்கானலில் குடியிருக்கிறாராம். ஃப்ரிட்ஜை அடிக்கடி துடைத்துப் பார்த்தாயிற்று, உள்தட்டுகளில் எறும்பு சாக்பீஸால் கோடும் போட்டாயிற்று, மறுநாள் கதவு ரேக்கில் மறுபடி எறும்பு. அதோடு ஒரு சந்தேகமும் கேட்டிருக்கிறார்: வெளியேயும் குளிர், உள்ளேயும் குளிர், இந்த எறும்பு எப்படி உயிரோடு இருக்கிறது?

நான் இங்கே ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் சர்வீஸ் பார்க்கிறவன். நாயுடுபுரம், வில்பட்டி, பூம்பாறை, கீழே பெருமாள்மலை, பண்ணைக்காடு என்று வண்டி போகாத பக்கம் இல்லை. எறும்புக்காக என்றே யாரும் கூப்பிடுவதில்லை. "கூலிங் இல்லை" என்று கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் எறும்பும் இருக்கும். பார்த்தவரை ஒன்று நிச்சயமாகச் சொல்வேன். மலையில் எறும்பு ஃப்ரிட்ஜைத் தேடி வருவது முதலில் சூட்டுக்காக. சாப்பாடு அதற்கப்புறம்தான். அதனால் நீங்கள் எத்தனை தடவை உள்ளே துடைத்தாலும் பாதி வேலைதான் ஆகிறது. மீதிப் பாதி ஃப்ரிட்ஜின் முதுகுப் பக்கம் கிடக்கிறது.

உள்ளே இருக்கும் குளிர் எறும்புக்கு ஆகாது. சரியாக ஓடும் ஃப்ரிட்ஜில் 3 முதல் 5 டிகிரி இருக்கும். எறும்புக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது, சுற்றியிருக்கும் சூட்டை வைத்துத்தான் அது நடமாட முடியும். உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் நடை தளரும், அப்புறம் விறைத்துச் செத்துப்போகும். தட்டில் கடுகு சிந்தினமாதிரி கிடப்பதெல்லாம் அப்படிச் செத்தவைதான். கதவு ரேக் மட்டும் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் சூடு. திறக்கிறபோதெல்லாம் வெளிக்காற்று முதலில் படுவது அதில்தான். உயிருள்ள எறும்பு அங்கே தெரிவதற்குக் காரணம் இதுவே. ஒன்று செத்தாலும் அது போட்டுவிட்டுப் போன வாசனைத் தடம் அப்படியே இருக்கும், பின்னால் வருவது அதைப் பிடித்துக்கொண்டு வரும்.

இனி முதுகுக்கு வருவோம். ஃப்ரிட்ஜ் உள்ளே எடுக்கும் சூட்டை வெளியே தள்ள வேண்டும். கம்ப்ரசர் ஓடும்போது கைவைத்தால் சுடும். இப்போது வரும் பல மாடல்களில் சூட்டுக் குழாய்களைப் பக்கத் தகடுகளுக்குள்ளேயே பதித்திருப்பார்கள், அதனால் பக்கங்களும் வெதுவெதுப்பாக இருக்கும். மதுரையில் இருக்கும் எறும்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இங்கே மார்கழி, தை மாத ராத்திரியில் அடுப்பை அணைத்த பிறகு சமையல்கட்டிலேயே கதகதப்பான மூலை அதுதான். சுவரில் மாட்டியிருக்கும் ஸ்டெபிலைசரையும் விட்டுவிடாதீர்கள். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் சூடாகவே இருக்கும், காற்றுப் போக ஓட்டைகளும் உண்டு. எறும்புக்கு வேறென்ன வேண்டும்?

சூட்டோடு தண்ணீரும் சாப்பாடும் சேர்ந்து கிடைக்கும் இடம் ஒன்று அங்கே இருக்கிறது. ஃப்ரிட்ஜின் உள்ளே, பின்சுவரின் அடியில், காய்கறிப் பெட்டிக்கு மேலே பல மாடல்களில் ஒரு சின்னத் துளை தெரியும். சுவரில் படியும் ஈரம் வழிந்து அந்தத் துளை வழியாக ஒரு குழாயில் இறங்கி, கம்ப்ரசருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் டிரேயில் விழும். கம்ப்ரசர் சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் உள்ளே பால் கவிழ்ந்தாலும், தயிர் வழிந்தாலும், மாவு பொங்கினாலும் அதுவும் அதே வழியில்தான் போகும். உள்ளே நீங்கள் பளிச்சென்று துடைத்துவிடுவீர்கள். டிரேயில் விழுந்தது அங்கேயே காய்ந்து கிடக்கும்.

வில்பட்டியில் ஒரு அக்கா வீட்டில் இதே கதை. "தம்பி, உள்ளே ஒரு பொட்டுத் தூசி காட்டு பார்ப்போம்" என்றார். உண்மைதான், அவ்வளவு சுத்தம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்து டார்ச் அடித்தேன். டிரேயின் ஓரத்தில் பாலாடை பழுப்பேறிப் படிந்திருந்தது, நடுவில் கொஞ்சம் தண்ணீர். டிரேக்கும் கம்ப்ரசருக்கும் நடுவே இருந்த சந்திலிருந்து எறும்புகள் வெள்ளை முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு ஓட ஆரம்பித்தன. குடும்பமே அங்கேதான் இருந்தது. "இதையா நான் இத்தனை நாளாகச் சூடாக வைத்துக் காப்பாற்றினேன்!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

ஆகவே முதல் வேலை, பிளக்கைப் பிடுங்குவது. கம்ப்ரசர் ஆறும்வரை விடுங்கள். அப்புறம் ஃப்ரிட்ஜை மெல்ல முன்னால் இழுத்து டிரேயைப் பாருங்கள். சில மாடல்களில் டிரே கழன்று வரும், சிலவற்றில் ஸ்க்ரூ இருக்கும். வராவிட்டால் பலவந்தம் வேண்டாம், பக்கத்திலேயே மெல்லிய செம்புக் குழாய் போகிறது, அது மடங்கி உடைந்தால் கூலிங் கேஸ் போய்விடும். பழைய துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, கையை உள்ளே விட்டுத் துடைத்தாலே போதும். உள்ளே இருக்கும் துளையில் கொஞ்சம் வெதுவெதுப்பான சோடா உப்புத் தண்ணீர் விட்டு, அது டிரேக்கு வந்து சேர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வராமல் தேங்கினால் குழாய் அடைத்திருக்கிறது. காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் நிற்கிற வீடுகளில் முக்கால்வாசி காரணம் இதுதான்.

அடுத்தது கதவு ரப்பர். மெக்கானிக்குகள் கேஸ்கெட் என்போம். அதற்குள்ளே காந்தப் பட்டை ஓடுகிறது, அதனால்தான் கதவு கப்பென்று ஒட்டுகிறது. கீழ்ப்பக்க மடிப்பைக் கட்டைவிரலால் விரித்துப் பாருங்கள். சர்க்கரை, காய்ந்த மாவு, கறுப்புப் பூஞ்சை எல்லாம் அங்கே இருக்கும், எறும்பும் இருக்கும். பழைய டூத்பிரஷ், வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம் போதும். கழுவிய பிறகு ஈரம் போகத் துடையுங்கள். இந்த ஊர்ச் சாரலுக்கு ஈரத்தை விட்டால் ஒரு வாரத்தில் மறுபடி பூஞ்சைதான்.

ரப்பர் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் இடைவெளி இருக்கிறது. நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள். ரப்பர் லேசாகச் சுருங்கியிருந்தால் ஹேர் டிரையர் சூடு காட்டி, கையால் இழுத்துவிட்டு நிமிர்த்தலாம். கிழிந்திருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. ரப்பரில் குற்றமில்லாமலே கதவு சரியாக மூடாத வீடுகளும் உண்டு. இங்கே பழைய வீடுகளில் தரை ஒருபக்கம் சாய்ந்திருக்கும். முன்கால்களைத் திருகி முன்பக்கத்தைச் சற்றே உயர்த்தினால் கதவு தானாகப் போய் மூடிக்கொள்ளும்.

இதெல்லாம் முடிந்தும் வந்தால் புற்று வேறெங்கோ இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே நல்ல மழை, மண்ணில் இருக்கும் கூடுகளில் தண்ணீர் ஏறினால் எறும்பு வீட்டுக்குள்தான் வரும். அந்த மாதங்களில் மரம் விழுந்து கரண்டும் போகும். ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாமல் ஃப்ரிட்ஜின் குளிர் குறைந்திருக்கும்போது உள்ளே போகிற எறும்புக்கு யாரும் தடையில்லை. இதற்கு விஷச் சாப்பாடு வைப்பதுதான் என் வழி. மெடிக்கல் ஷாப்பில் போரிக் பவுடர் கிடைக்கும். ஒரு டம்ளர் வெந்நீரில் நாலைந்து டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் போரிக் பவுடரும் கரையுங்கள். ஆறியதும் பஞ்சை நனைத்து, பாட்டில் மூடியில் வைத்து, எறும்பு வரும் வழியில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் வையுங்கள். பவுடரைக் கூட்டாதீர்கள். நிறையப் போட்டால் வந்த எறும்பு வழியிலேயே செத்துவிடும். மெதுவாக வேலை செய்தால்தான் அது கூட்டுக்குப் போய் ராணிக்கும் குஞ்சுக்கும் ஊட்டும். முதல் நாள் கூட்டம் அதிகமாகத்தான் தெரியும், பயந்துபோய்த் துடைத்துவிடாதீர்கள். வரத்து நின்ற பிறகு சோப்புத் தண்ணீரால் தடத்தைத் துடைத்து, சுவர் ஓட்டையை வெள்ளை சிமெண்டால் அடையுங்கள். சர்க்கரையை முகர்ந்துகூடப் பார்க்காத எறும்பாக இருந்தால் வேர்க்கடலைப் பொடியை நெய்யில் குழைத்து, அதில் துளி போரிக் கலந்து வையுங்கள். போரிக் பவுடர் மனுஷருக்கும் விஷம்தான். தவழும் குழந்தையோ நாயோ பூனையோ இருக்கும் வீட்டில் கைக்கு எட்டாத இடத்தில் மட்டும் வைக்கலாம், ஃப்ரிட்ஜுக்குள் வைக்கவே கூடாது.

சாக்பீஸ் விஷயமும் அதுதான். அதில் பூச்சிமருந்து இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டில் கிழிக்கிற பொருள் அல்ல அது. உள்ளே கிழித்ததை எல்லாம் முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். ஸ்ப்ரேயும் வேண்டாம். இப்போது வரும் ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ என்ற கூலிங் கேஸ், அது எரியக்கூடியது. பின்பக்க ஸ்டிக்கரில் எழுதியிருப்பார்கள். ஸ்ப்ரே டப்பாவில் இருக்கும் வாயுவும் பெரும்பாலும் எரியக்கூடியதே. அதைக் கொண்டுபோய்ச் சூடான கம்ப்ரசரிலும், அதை ஸ்டார்ட் செய்யும் சுவிட்சான ரிலேயிலும் அடிப்பானேன்? போதாததற்கு, சில ஜாதிச் சிற்றெறும்புகளுக்கு ஒரே கூட்டில் பல ராணிகள் உண்டு. மருந்தடித்தால் கூட்டம் பிரிந்து நாலு இடத்தில் புதுக் கூடு வைக்கும். நாஃப்தலின் உருண்டை, மண்ணெண்ணெய் எல்லாம் சாப்பாட்டில் நாறும். கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்பதையும் பார்க்கிறேன். மரப்பெட்டிக்கு அது நல்ல யோசனை. கரண்டில் ஓடும் இரும்புப் பெட்டியைத் தண்ணீரில் நிறுத்துவதை நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

உள்ளே எதை வைக்கிறோம் என்பதையும் பாருங்கள். பழனி பக்கத்திலேயே இருப்பதால் எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஒரு பஞ்சாமிர்த டப்பா உண்டு. மூடியின் விளிம்பில் வழிந்தது காயாமல் பிசுபிசுவென்று இருக்கும், எறும்புக்கு அதைவிட அழைப்பு வேண்டாம். விருப்பாச்சிப் பழமும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் சேர்ந்த அந்தப் பிரசாதம் வெளியிலேயே கெடாமல் நிற்கும். தேனும் அப்படியே, குளிரில் வைத்தால் உறைவதுதான் மிச்சம். இரண்டையும் வெளியே எடுத்து, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே வையுங்கள். தண்ணீர்த் தட்டு இங்கேதான் பொருந்தும். எறும்பு விழுந்த பால், குழம்பைக் கொட்டிவிடுவது நல்லது. எறும்பு தின்றால் கண் நன்றாகத் தெரியும் என்று எங்கள் ஆச்சியும் சொல்லும், ஆனால் அது சாக்கடை வழியாகவும் நடந்து வந்த எறும்பு.

ஊருக்குப் போகிறபோது ஃப்ரிட்ஜை ஆஃப் செய்து கதவை மூடிவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே லீவுக்கு மட்டும் வந்து தங்கும் வீடுகள் நிறைய, அங்கெல்லாம் இதைத்தான் பார்க்கிறேன். உள்ளே பூஞ்சை பிடித்து, எறும்பு குளிரின் தொல்லையில்லாமல் நிம்மதியாகக் கூடு கட்டியிருக்கும். ஆஃப் செய்தால் காலி பண்ணி, துடைத்து, கதவிடுக்கில் ஒரு துண்டைச் செருகித் திறந்தே விட்டுப் போங்கள்.

கடைசியாக, கம்ப்ரசர் ஓடாமல் 'டிக்' என்ற சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்தால் முதலில் ஸ்டெபிலைசரில் வோல்டேஜைப் பாருங்கள், குறைந்தாலும் அதே சத்தம்தான் வரும். வோல்டேஜ் சரியாக இருந்தால் ரிலே மூடிக்குள் எறும்பு புகுந்திருக்கலாம். அதைத் திறக்க மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும்.