அதிவேக ரயில்: முதல் பாதையை எங்கே போடுவது?

தலைநகரிலிருந்து எல்லாப் பெரிய நகரங்களுக்கும் ஒரே நேரத்தில் பாதை போட ஆரம்பித்தால் என்ன?

பணம் நாலா பக்கமும் சிதறும், எந்தப் பாதையும் முடியாது. வரைபடத்தில் கோடு இழுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பழைய ரயில் பாதை எங்கே நிரம்பி வழிகிறது? அந்தத் தடத்தில் 300 முதல் 700 கி.மீ. இடைவெளியில் இரண்டு பெருநகரங்கள் இருக்கின்றனவா? ஜப்பான் 1964இல் டோக்கியோ–ஒசாகா புல்லட் ரயிலை விட்டதற்கு வேக ஆசை மட்டும் காரணமில்லை. பழைய பாதையில் இன்னொரு ரயிலை நுழைக்க இடமே இல்லை. நெடுந்தூரப் பயணிகள் புதுப் பாதைக்குப் போனதும், பழையதில் சரக்குக்கும் உள்ளூர் ரயில்களுக்கும் வழி பிறந்தது.

கலிஃபோர்னியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. சான் பிரான்சிஸ்கோ–லாஸ் ஏஞ்சல்ஸ் பாதைக்கு 2008இலேயே வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். வேலை தொடங்கியதோ இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கில். இருமுனைகளையும் தொடாத பாதைக்குக் கூட்டம் எங்கிருந்து வரும்?

மணிக்கு 250 கி.மீ. போதுமா, 350 வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிற்காமல் 500 கி.மீ. ஓட, 200 கி.மீ. வேகத்தில் இரண்டரை மணி நேரம் ஆகும். 250இல் இரண்டு மணி, 300இல் 100 நிமிடம், 350இல் சுமார் 86 நிமிடம். வேகம் ஏற ஏற மிச்சமாகும் நேரம் சுருங்கிக்கொண்டே போகிறது. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் இருமடியில் கூடுகிறது, அதாவது 300இலிருந்து 350க்குப் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். கரன்ட் பில் யார் கட்டுவது?

ஆனாலும் என் ஆலோசனை: ரயிலை 300இல் ஓட்டுங்கள், வளைவுகளை மட்டும் 350க்கு ஏற்றபடி போடுங்கள். ரயில் பெட்டிகளைச் சில பத்தாண்டுகளில் மாற்றிவிடலாம், மலையைக் குடைந்து போட்ட வளைவை மாற்ற முடியாது. வளைவின் ஆரம் பெரிதாக இருந்தால்தான் வேகமாகத் திரும்ப முடியும். டோக்கியோ–ஒசாகா பாதையின் வளைவுகளுக்கு 2,500 மீட்டர் ஆரம்தான் அடிப்படை. அதனால் எத்தனை புது ரயில் வந்தாலும் அங்கே வேகம் 285ஐத் தாண்டவில்லை. பின்னால் கட்டிய வடக்குப் பாதையில் 320இல் ஓடுகிறது. சீனாவில் 350க்கான பாதைகளில் ஆரம் 7,000 மீட்டர் வரை போகிறது.

வழியில் இருக்கும் ஒவ்வொரு ஊரும் நிறுத்தம் கேட்கிறதே!

கேட்கத்தான் செய்யும். அவர்கள் நிலத்தைக் கொடுத்து, சத்தத்தை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டுமா என்ன? சிக்கல் என்னவென்றால், 300இல் வரும் ரயில் வேகம் குறைத்து, நின்று, மறுபடி வேகம் பிடிக்க ஐந்தாறு நிமிடம் போய்விடும். ஐந்து நிறுத்தம் கூட்டினால் அரை மணி நேரம் காலி.

இதற்கு ஜப்பான் கண்ட வழி எனக்குப் பிடித்தமானது. ஒரே பாதையில் நொசோமி என்ற ரயில் சில பெருநகரங்களில் மட்டும் நிற்கும், கொதாமா என்ற ரயில் எல்லா நிலையங்களிலும் நிற்கும். நிலையங்களில் தனித் தண்டவாளம் இருப்பதால் பின்னால் வரும் ரயில் தாண்டிப் போய்விடலாம். ஆக, நிலையம் கட்டுவது வேறு, எல்லா ரயிலையும் அங்கே நிறுத்துவது வேறு.

செய்யக்கூடாதது, இரண்டு ஊருக்கும் பொதுவாக என்று சொல்லி நடுக்காட்டில் நிலையம் கட்டுவது. பிரான்ஸில் அமியான், சான்-கான்தான் ஊர்களுக்கு நடுவே வயல்வெளியில் ஒட்-பிகார்தி நிலையத்தைக் கட்டினார்கள். உள்ளூர் ரயில் இணைப்பு கிடையாது. மக்கள் அதற்குப் பீட்ரூட் நிலையம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அதே பாதையில் சரக்கு ரயிலையும் ஓட்டினால் செலவு மிச்சமாகுமே?

மிச்சமாகாது. கனமான சரக்கு ரயிலால் செங்குத்தான ஏற்றத்தில் ஏற முடியாது. ஜெர்மனியின் ஹனோவர்–வூர்ட்ஸ்புர்க் பாதையைச் சரக்குக்கும் சேர்த்துச் சரிவு குறைவாகத் திட்டமிட்டதால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுரங்கமாகிவிட்டது. பிரான்ஸ் 1981இல் திறந்த பாரிஸ்–லியோன் பாதை பயணிகளுக்கு மட்டும் என்பதால் 3.5 சதவீதச் சரிவை அனுமதித்தார்கள். அதில் சுரங்கமே இல்லை.

தண்டவாள அகலம் பழைய பாதையோடு ஒத்துப்போக வேண்டுமா?

ஒத்துப்போனால் பாதி வேலை குறைவு. பிரான்ஸில் புதுப் பாதையும் பழையதும் ஒரே அகலம். அதனால் அதிவேக ரயில் புதுப் பாதை முடிந்த இடத்தில் பழையதில் இறங்கி, பழைய நிலையத்துக்கே போய்விடுகிறது. நகருக்குள் புது நிலம் தேட வேண்டியதில்லை. ஸ்பெயின் 1,668 மி.மீ. பழைய பாதைகளை வைத்துக்கொண்டு 1992இல் 1,435 மி.மீ. அகலத்தில் மாட்ரிட்–செவில் பாதையைத் திறந்தது. அப்புறம் ஓடும்போதே சக்கர இடைவெளியை மாற்றிக்கொள்ளும் ரயில்களை நம்ப வேண்டியிருந்தது.

தனியாரிடம் முழுவதுமாக விட்டுவிடலாமா?

தைவான் விட்டுப் பார்த்தது. 2007இல் ரயில் ஓடியது, பயணிகளும் வந்தார்கள், எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. வட்டியும் தேய்மானமும் நிறுவனத்தை அழுத்த, 2009இல் அரசு நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. பின்னர் உரிமக் காலத்தை 35 ஆண்டிலிருந்து 70 ஆக நீட்டினார்கள். பாதை அரசுடையது, ஓட்டுவதில் போட்டி என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

நேரடியாக மேக்லெவ், அதாவது காந்த விசையில் மிதந்து ஓடும் ரயிலுக்கே போய்விடலாமே?

ஷாங்காயில் 30 கி.மீ. ஓடுகிறது. பழைய தண்டவாளம் ஒரு மீட்டர்கூட அதற்கு உதவாது, நகரின் மையம் வரை எல்லாவற்றையும் புதிதாகவே கட்ட வேண்டும். முதல் பாதைக்கு வேண்டாம்.