மெய்யா, பொய்யா: ஜாவாவில் ஒரு சிறு மெத்தட்

கேள்வி: கணினி அறிவியல் முதலாண்டு மாணவி நான். கொடுத்த எண் ஒற்றைப்படையா என்று சொல்லும் பூலியன் மெத்தட் ஒன்றை, அதாவது ட்ரூ (மெய்) அல்லது ஃபால்ஸ் (பொய்) என்று மட்டும் விடை தரும் சிறு நிரல் பகுதியை, ஜாவா நிரல்மொழியில் எழுதினேன். எண்ணை 2ஆல் வகுத்த மீதி 1 என்றால் ட்ரூ ரிட்டர்ன் ஆகும்படி (விடையாகத் திரும்பும்படி) இஃப் என்ற நிபந்தனை போட்டிருக்கிறேன். ஆனாலும் ரிட்டர்ன் இல்லை என்று, நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் பிழை காட்டுகிறது. ஏன்?

பதில்: நீங்கள் எழுதிய ரிட்டர்ன், இஃபுக்குள் மட்டுமே இருக்கிறது. 8 போன்ற இரட்டைப்படை எண் வந்தால் அந்த இஃபைத் தாண்டி மெத்தட் முடிந்துவிடும். அப்போது திருப்பித் தர அதனிடம் எந்த விடையும் இராது. பூலியன் தருவதாக முதல் வரியில் அறிவித்துவிட்ட மெத்தட், எந்த வழியாக முடிந்தாலும் ஒரு விடையைத் தந்தே ஆக வேண்டும் என்பது ஜாவாவின் விதி. ஆகவே இஃபுக்குக் கீழே ஃபால்ஸை ரிட்டர்ன் செய்யும் ஒரு வரியைச் சேர்த்தால் பிழை நீங்கிவிடும்.

ஆயினும் இங்கே இஃபே தேவையில்லை என்பதுதான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது. இரண்டு சமக்குறிகளை அடுத்தடுத்து இட்டு எழுதும் ஒப்பீடு, தானே ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்னும் மதிப்பாக முடிகிறது. கையில் வந்துவிட்ட அந்த விடையை மறுபடி இஃபில் வைத்துச் சோதித்து, ட்ரூ என்றால் ட்ரூ, இல்லையென்றால் ஃபால்ஸ் என்று எழுதுவது ஒரே கேள்வியை இருமுறை கேட்பதாகும். ரிட்டர்ன் என்ற சொல்லை அடுத்து அந்த ஒப்பீட்டையே எழுதி அரைப்புள்ளி வையுங்கள்; மெத்தடின் உடல் ஒரே வரியாகச் சுருங்கிவிடும்.

கம்பைலர் கண்டுபிடிக்க முடியாத தவறு ஒன்றும் உங்கள் நிரலில் இருக்கிறது. மெத்தடுக்கு -3 என்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். ஜாவாவில் % குறி தரும் மீதி, வகுபடும் எண்ணின் குறியையே ஏற்கும் என்பதால், -3ஐ 2ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதி 1 அன்று, -1. எனவே உங்கள் மெத்தட், -3 ஒற்றைப்படை இல்லை என்று தவறாகச் சொல்லிவிடும். பைத்தானில் இதே கணக்குக்கு மீதி 1 என்றே வரும். அந்த மொழியிலிருந்து ஜாவாவுக்கு வருவோர் இந்த இடத்தில் எளிதில் ஏமாந்துபோகிறார்கள். மீதி 1ஆ என்று கேட்காமல், மீதி 0 இல்லையா என்று கேளுங்கள். ஆச்சரியக்குறியும் சமக்குறியும் சேர்ந்த != அதற்கானது. குறை எண்ணோ மிகை எண்ணோ, ஒற்றைப்படை எண்ணை 2ஆல் வகுத்த மீதி ஒருபோதும் 0 ஆகாது.

சி மொழி பழகியவர்கள் ட்ரூவுக்குப் பதில் 1, ஃபால்ஸுக்குப் பதில் 0 என்று எழுதிவிடுவதும் உண்டு. பூலியனும் எண்ணும் ஜாவாவில் வெவ்வேறு வகைகள் என்பதால் கம்பைலர் அதை ஏற்காது. மெத்தடுக்குள்ளேயே விடையை அச்சிடுவதும் வேண்டாம். மெத்தடை அழைத்த இடம் அந்த விடையை இஃபிலோ, நிபந்தனை மெய்யாக உள்ளவரை திரும்பத் திரும்ப ஓடும் வைல் லூப்பிலோ பயன்படுத்திக்கொள்ளட்டும்.

திருத்திய பின் 7, 8, 0, -3, -4 ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். முறையே ட்ரூ, ஃபால்ஸ், ஃபால்ஸ், ட்ரூ, ஃபால்ஸ் என்று வர வேண்டும்.