கேள்வி - பதில்: சும்மா நிற்கும் மெஷினுக்கு யார் காசு கொடுப்பது?

கேள்வி: தொலைபேசியைத் தனியாருக்குத் திறந்துவிட்டதும் கட்டணம் குறைந்ததே, மின்சாரத்தையும் சந்தையிடமே விட்டுவிட்டால் என்ன? அரசு ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

பதில்: லைன் கிடைக்கவில்லை என்றால் அப்புறம் பேசிக்கொள்ளலாம். கரண்ட் அப்படிக் காத்திருக்காது. மின்தொகுப்புக் கட்டுப்பாட்டு அறையில் பல வருஷம் இரவு ஷிப்ட் பார்த்தவன் நான். சுவரில் சிவப்பு எழுத்தில் 50.00 என்று அதிர்வெண், அதாவது கரண்ட் வினாடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்ற கணக்கு, மின்னிக்கொண்டிருக்கும். உபயோகத்துக்கு உற்பத்தி ஈடு கொடுக்காவிட்டால் 49.9, 49.8 என்று இறங்கும். கை தானாக டெலிபோனைத் தேடும். கிடங்கில் அடுக்கி வைத்து விற்கிற சரக்கல்ல இது. (பேட்டரி வந்துவிட்டதே என்பீர்கள். அது தாங்குவது சில மணி நேரம்.)

கலிபோர்னியா 1998-ல் சந்தையைத் திறந்தது. 2001-ல் என்ரான் என்ற மின்சாரம் வாங்கி விற்கும் கம்பெனியின் வியாபாரி ஒருவர் மின்நிலையத்துக்குப் போன் போட்டு, ஏதாவது காரணம் கண்டுபிடித்து நிறுத்தச் சொன்னது டேப்பில் பதிவாகியிருக்கிறது. தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும் அல்லவா!

டெக்சாஸில் 2021 பிப்ரவரிப் பனியில் மொத்த விற்பனை விலை யூனிட்டுக்கு 9 டாலரைத் தொட்டது. அந்த விலைக்கும் கரண்ட் இல்லை, காரணம் மெஷின்களும் எரிவாயுக் குழாய்களும் உறைந்துகிடந்தன. அங்கே அதிர்வெண் 60. அது 59.4-க்குக் கீழே 9 நிமிஷம் நின்றால் மின்நிலையங்கள் தாமாகவே தொகுப்பிலிருந்து கழன்றுகொள்ளும். 4 நிமிஷம் 23 வினாடி நின்றது. அங்கே கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது.

அரசு மட்டும் என்ன வாழ்ந்தது? 2007-க்குள் மின்சாரம் போதாமல் போகும் என்று தென்னாப்பிரிக்க அரசின் வெள்ளை அறிக்கையே 1998-ல் சொல்லிவிட்டது. புதிய நிலையம் கட்ட அனுமதி தராமல் இழுத்தார்கள். 2008 ஜனவரியில் சுரங்கங்களே நின்றன. அதற்கு முந்தைய மாதம்தான் அதிபர் ம்பெக்கி தவறு அரசுடையது என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

இரண்டு பக்கமும் சறுக்கியது ஒரே இடத்தில்தான்: என்றோ வரப்போகும் ஒரு மோசமான நாளுக்காக முன்கூட்டிப் பணம் போட யாருக்கும் மனசு வரவில்லை. வியாபாரிக்கு அதில் லாபமில்லை, மந்திரிக்கு ஓட்டில்லை. என்னைக் கேட்டால், ஒரே தெருவில் இரண்டு கம்பெனி கம்பி இழுப்பது வீண் செலவு. ஆகவே கம்பியும் கட்டுப்பாட்டு அறையும் அவசரத்துக்கென்று சும்மா நிறுத்திவைக்கும் மெஷின்களும் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களிடம் இருக்கட்டும். உற்பத்தி செய்பவர்கள் தாராளமாகப் போட்டி போடட்டும்.

எங்களிடம் ஒரு பழைய காஸ் டர்பைன் இருந்தது. வருஷத்தில் சில மணி நேரம் ஓடினாலே அதிசயம். ஆடிட்காரர்கள் தவறாமல் 'இது எதற்கு?' என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஒரு நள்ளிரவில் பெரிய நிலையம் ஒன்று ட்ரிப் ஆனபோது, அந்தக் கிழம்தான் பத்தே நிமிஷத்தில் லோடு எடுத்தது. அடுத்த வருஷ ஆடிட்டிலும் அதே கேள்வி.