ஊஞ்சலுக்குக் கீழே உள்ள மண்

அன்புள்ள ஐயா,

நகரத்துக்குள் ஆற்றங்கரையில் இருந்த எங்களை இங்கே கொண்டுவந்து குடிவைத்து ஏழெட்டு வருடம் ஆகிறது. எட்டு மாடிக் கட்டடங்கள். எங்கள் பிளாக்குக்கும் அடுத்த பிளாக்குக்கும் நடுவே ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது. குப்பையும் கட்டட இடிபாடும் போக மிச்சத்தில் பிள்ளைகள் ஆடுகிறார்கள். மற்றபடி படிக்கட்டிலும், தண்ணீர் லாரி வரும் வழியிலும்தான் அவர்கள் விளையாட்டு.

நாங்கள் சில இளைஞர்கள் சேர்ந்து அங்கே விளையாட்டுத் திடல் அமைக்க முயல்கிறோம். ஒரு கம்பெனி தன் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியிலிருந்து பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. வாங்கிய இரண்டு கொட்டேஷனிலும் ஃபைபர் சறுக்கு மரம், கூரை வைத்த ஏணி என்று கலர் கலராக இருக்கின்றன. கீழே பேவர் பிளாக் தரை. போன வருடம் பக்கத்துப் பூங்கா ஒன்றில் ஊஞ்சல் சங்கிலி கழன்று ஒரு பையனுக்குக் கை முறிந்தது. அதிலிருந்து ஊஞ்சலே வேண்டாம் என்கிறார்கள் பெரியவர்கள். ஒரு கூட்டத்தில் நீங்கள் ஆம்ஸ்டர்டாம் விளையாட்டிடங்களைப் பற்றிப் பேசினீர்கள். எங்களைப் போன்ற இடத்துக்கு எது பாதுகாப்பு? எதில் பணத்தைப் போடுவது?

ஒரு வாசகர்
சென்னைப் புறநகர்

அன்புள்ள நண்பருக்கு,

பணத்தைத் தரையில் போடுங்கள். மிஞ்சியதில் சாமான் வாங்கலாம்.

விளையாட்டிடத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் மேலிருந்து கீழே விழுந்தவர்கள். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார்கள் என்பதோடு, எதன்மேல் விழுந்தார்கள் என்பதும் சேர்ந்துதான் காயத்தை முடிவு செய்கிறது. நம் ஊரில் பூங்கா என்றாலே சறுக்கு மரத்துக்கு அடியில்கூட பேவர் பிளாக் பதித்துவிடுகிறார்கள். கூட்டிப் பெருக்க வசதி, திறப்பு விழாப் படத்துக்கும் அழகு. குழந்தையின் மண்டை அதில் மோதினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. மிதிபட்டு இறுகிய வெறும் மண்ணும் புல்தரையும்கூட இதற்குப் போதாது.

தளர்வான மணல் வேண்டும். 9 அங்குல மணல் 4 அடி உயரம் வரை விழும் பிள்ளைக்குப் போதும் என்கிறது அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு. ஐரோப்பியத் தரம் இன்னும் தாராளமானது. அதன்படி 40 செ.மீ. மணல் 3 மீட்டர் வரை தாங்கும். நீங்கள் இரண்டையும் மனத்தில் வைத்து, சறுக்கு மரத்தின் மேடையையும் ஏணியையும் 4 அடிக்குள் நிறுத்துங்கள். மணலை ஒன்றரை அடிக்குக் கொட்டுங்கள். மரச்சீவல் இதைவிட நன்றாகத் தாங்கும் என்றாலும் சென்னை மழையில் மக்கிவிடும், கரையானும் ஏறும்.

எம்-சாண்ட் மட்டும் வேண்டாம். அது உடைத்த கல். முனை முனையாக இருப்பதால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நாளடைவில் தரைபோல இறுகிவிடும். அலசிய ஆற்று மணல் உருண்டு விலகிக் கொடுக்கும். இன்று அது கிடைப்பதும் கஷ்டம், விலையும் அதிகம். இருந்தாலும் கூரை வைத்த ஏணியை விட்டுவிட்டு இந்தச் செலவைச் செய்யுங்கள். அடியில் ஜல்லி பரப்பி, மேலே தண்ணீரை மட்டும் விட்டு மணலைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, தண்ணீர் வடிய வழி விட்டு, அதன்மேல் மணல். இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகையில் அது குட்டையாகிவிடும். ஊஞ்சல் கம்பத்தில் மணல் மட்டத்தைக் குறித்து ஒரு சிவப்புக் கோடு போட்டுவையுங்கள். காலால் உதைத்து உதைத்து ஊஞ்சலுக்கு அடியில்தான் முதலில் பள்ளம் விழும்.

இனி ஊஞ்சல். பெரியவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஊஞ்சலை விட்டுவிடாதீர்கள். தீப்பெட்டி அளவு வீட்டில் நாளெல்லாம் முடங்கிக் கிடக்கிற பிள்ளை வானத்தைப் பார்த்து எழும்பும் இடம் அது. கொஞ்சம் துணிச்சல் தேவைப்படாத விளையாட்டிடம் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் அலுத்துவிடும். பிறகு அவர்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறுவார்கள். பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும் உயரத்தை அவளே அளந்து ஏறுவாள். அவள் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தைத்தான் நாம் முன்கூட்டி எடுத்துவிட வேண்டும்.

அது பெரும்பாலும் கொக்கியில் இருக்கும். சங்கிலியை மேல்கம்பியில் மாட்டும் எஸ் கொக்கியின் வாய் முழுதாக மூடியிருக்க வேண்டும். ஏடிஎம் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் அது திறக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். கம்பியோடு உரசும் வளைவில் கை வைத்துப் பாருங்கள், இரும்பு தேய்ந்து ஒடுங்கியிருப்பது விரலுக்கே தெரியும். அடுத்து, கம்பம் காங்கிரீட்டுக்குள் இறங்கும் இடம். மழைநீர் தேங்கித் துரு பிடிப்பது அங்கேதான். அதன்மேல் பெயிண்ட் அடித்துவிட்டால் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே அரித்துக்கொண்டே போகும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.

பலகை, இரும்பு இருக்கை வேண்டாம். திரும்பி வரும் வேகத்தில் குறுக்கே ஓடும் சின்னப் பிள்ளையின் நெற்றியைப் பிளந்துவிடும். ரப்பர் பட்டை போதும். ஒரு சட்டத்தில் இரண்டு ஊஞ்சலுக்கு மேல் மாட்டாதீர்கள். சங்கிலி மாட்டிய மேல்கம்பியின் உயரத்தைப்போல் இரு மடங்கு இடம் முன்னாலும் பின்னாலும் காலியாக இருக்கட்டும். ஏணி, கைப்பிடிக் கம்பிகளில் 3.5 அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்ட சந்து இருக்கக் கூடாது. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது. துருத்தி நிற்கும் போல்ட்டில் துப்பட்டாவும் ஐடி கார்டு கயிறும் சிக்கும். பழைய டயர் வைத்தால் கம்பி வெளியே தெரியாததாகப் பார்த்து எடுத்து, அடியில் ஓட்டை போடுங்கள். தண்ணீர் நின்றால் டெங்குக் கொசு.

ஆம்ஸ்டர்டாமில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போர் முடிந்த நகரம், காசில்லை. இடிந்த வீடுகளின் மனைகள் காலியாகக் கிடந்தன. நாஜிகள் பிடித்துச் சென்ற யூதர்களின் வீடுகளை 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் நகரத்து மக்கள் விறகுக்காகப் பிரித்து எடுத்திருந்தார்கள். அவையும் அந்த மனைகளில் அடக்கம். மாநகரத் திட்டப் பிரிவில் இருந்த யாகோபா முல்டரின் முன்முயற்சியில், ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர் 1947இல் பெர்டெல்மான்பிளைன் சதுக்கத்தில் முதல் விளையாட்டிடத்தை அமைத்தார். அகலமான கரை வைத்த மணல் தொட்டி, அதற்குள் நான்கு கற்கள், குட்டிக்கரணம் போடக் கம்பிகள், சுற்றிலும் மரமும் பெஞ்சும். அவ்வளவுதான். பார்த்தவர்கள் எங்கள் தெருவுக்கும் வேண்டும் என்று மாநகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். 1978க்குள் 700க்கும் மேல் ஆயின. யானை, ஒட்டகச்சிவிங்கி உருவங்களை அவர் வைக்கவில்லை. வெறும் கம்பி வளைவை யானையாக்குவதும் கப்பலாக்குவதும் பிள்ளைகளின் வேலை என்று விட்டுவிட்டார். ஏழைப் பிள்ளைகளுக்கு மலிவாக ஏதோ ஒன்று என்று அது செய்யப்படவில்லை. அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த வடிவமைப்புகளுள் ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. உங்கள் பிள்ளைகளுக்கும் அதற்குக் குறைந்தது எதுவும் போதும் என்று நான் நினைக்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. இடத்தைச் சுத்தம் செய்து கொடுத்ததும் கிரிக்கெட் மட்டையோடு பையன்கள் வந்து முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள். ஒன்பது வயதைத் தாண்டிய பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது குறைந்துபோவதை 1990களில் வியன்னாவில் கண்டறிந்து, 1999இல் இரண்டு பூங்காக்களைத் திருத்தினார்கள். ஒரே பெரிய மைதானத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, வழிகளை அதிகமாக்கினார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். உங்களுடையதைப் போலவே மறுகுடியமர்வில் உருவான சென்னைக் கண்ணகி நகரிலிருந்து போன ஒரு பெண் 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினாள். உங்கள் பிளாக்கிலும் அப்படி ஒருத்தி இருக்கலாம். அவளுக்கென்று ஒரு மூலை, மாலையில் எரியும் விளக்கு, பக்கத்தில் அம்மாக்கள் உட்கார ஒரு திண்ணை.

எல்லாவற்றுக்கும் முன் அந்த இடம் யாருடையது என்று பாருங்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் லே-அவுட் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் திறந்தவெளி என்று இருந்தால், விளையாட்டுத் திடலாக எழுத்தில் உறுதி வாங்கிவிடுங்கள். வாய்மொழி அனுமதியில் கட்டினால் நாளைக்கு அங்கே டிரான்ஸ்ஃபார்மர் வரும், இல்லையென்றால் பார்க்கிங் வரும்.

கொட்டேஷனைத் திருப்பி அனுப்பி, பேவர் பிளாக்கை நீக்கி மணலையும் வடிகாலையும் சேர்க்கச் சொல்லுங்கள். கம்பெனியிடம் சாமானுக்கு மட்டும் பணம் வாங்காதீர்கள். தினமும் மணலைக் கிளறிக் கண்ணாடிச் சில்லு பொறுக்கவும், மாதம் ஒருமுறை கொக்கி பார்க்கவும் உங்கள் பிளாக் பெண்களில் ஒருவருக்கு மூன்று வருடச் சம்பளம் தரச் சொல்லுங்கள். மறுத்தால் சறுக்கு மரத்தைக் குறைத்துக்கொண்டாவது அந்தச் சம்பளத்தைக் கேளுங்கள்.

அன்புடன்.