மாமியார் வைத்த கறிவேப்பிலையை வீடு மாறும்போது எடுத்துப் போகலாமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“ஐயா, எங்கள் வீட்டுப் பின்பக்கம் மாமியார் வைத்த கறிவேப்பிலை நிற்கிறது. ஒன்பது வயது. தூர் என் மணிக்கட்டு அகலம் இருக்கும், உச்சி கூரை விளிம்பைத் தொடுகிறது. செப்டம்பரில் வீட்டை விற்றுவிட்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகிறோம். மரம் வராமல் நானும் வரமாட்டேன் என்கிறார் அத்தை. போன வருஷம் அடியில் முளைத்த ஒரு கன்றைப் பிடுங்கி, அத்தை சொன்னபடி ஆடி பிறந்ததும் குழி வெட்டி, கோழி எரு போட்டு நட்டேன். பத்தே நாளில் கருகிப் போயிற்று. மரத்துக்கும் அந்தக் கதிதானா?”

அம்மா, கன்று செத்ததற்கு உங்கள் கைராசியைக் குறை சொல்லாதீர்கள். மாசம் தப்பு, பிடுங்கிய விதம் தப்பு, எரு தப்பு. மூன்றும் ஒரே குழிக்குள் விழுந்துவிட்டன.

முதலில் மாசம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது தமிழ்நாட்டு மண்ணுக்கும் அங்கே வரப்போகும் மழைக்கும் சொன்ன சொல். 1860-இல் நம்மவரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த முதல் கப்பலிலேயே அந்தப் பழமொழியும் ஏறி வந்திருக்கும். ஆனால் இங்கே இறங்கியதும் பருவம் தலைகீழ். நமக்கு ஆடி என்பது ஜூலை, ஆகஸ்ட். குளிரும் வறட்சியும் ஒன்றாகச் சேரும் காலம். டர்பனில் ஆண்டுக்குச் சுமார் 1000 மி.மீ. மழை பெய்கிறது என்றால் அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் மார்ச் வரைக்குள் பெய்துவிடும். குளிர் தட்டினால் கறிவேப்பிலை உறங்கிவிடும், வேரும் நகராது. அந்த நேரத்தில் வேரை அறுத்து நட்டால் புண் ஆறாது. ஆடியில் கோயிலுக்குக் கூழ் ஊற்றுங்கள், செடியை விட்டுவிடுங்கள். இங்கே பெயர்த்து நட ஏற்ற சமயம் ஆவணிக் கடைசி, அதாவது ஆகஸ்ட் இறுதி முதல் செப்டம்பர் நடுவரை. கொழுந்து கிளம்பப் போகிறது, ஆனால் இன்னும் கிளம்பவில்லை. மழையும் தொலைவில் இல்லை. உங்கள் வீடு மாறும் தேதி அதிலேயே விழுந்திருக்கிறது.

இன்னொரு நல்ல காரியம், மே மாதமே கேட்டுவிட்டீர்கள். முந்தின நாள் கேட்டிருந்தால் ‘மரத்தை மறந்துவிடுங்கள்’ என்றுதான் எழுதியிருப்பேன்.

கறிவேப்பிலைக்கு ஆணிவேர் ஆழமாகப் போகும். பக்கவேர்கள் நெடுந்தூரம் ஓடி, அங்கங்கே கன்று விடும். தண்ணீரை உறிஞ்சுகிற சல்லிவேர்கள் இந்தப் பக்கவேர்களின் நுனியில்தான் அதிகம். நேராகப் போய்த் தோண்டினால் கையில் கிடைப்பது தடித்த வேர்க்கட்டைகள் மட்டும். உறிஞ்சும் வாயெல்லாம் பழைய வீட்டு மண்ணிலேயே தங்கிவிடும். ஆகவே இப்போதே மரத்துக்குத் தெரியாமல் (தெரியத்தான் செய்யும், ஆனால் தாங்கிக்கொள்ளும்) வேரைச் சுருக்க வேண்டும்.

தூரிலிருந்து 25 செ.மீ. தள்ளி ஒரு வட்டம் கீறுங்கள். அந்த வட்டத்தை ஆரஞ்சுச் சுளை போல ஆறு பங்காக எண்ணிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய பங்குகளில் மட்டும், கூர் தீட்டிய நேர்ப்பிடி மண்வெட்டியைச் செங்குத்தாக அதன் தகடு முழுவதும் இறங்கும் வரை மிதித்து, வேரை அறுத்துவிடுங்கள். தோண்டி எடுக்க வேண்டாம், அறுத்தால் போதும். ஆறு வாரம் கழித்து மீதி மூன்று பங்கு. அறுத்த இடத்துக்கு உட்பக்கம் மெல்லிய புதுவேர்கள் கிளம்பும். குளிர்காலத்தில் மெதுவாகத்தான் கிளம்பும். ஆனால் கடலோர மண் உள்நாட்டுப் பக்கத்து மண் அளவுக்குக் குளிர்வதில்லை, அது உங்களுக்கு அனுகூலம். வாரம் ஒரு வாளித் தண்ணீர் விட்டுவாருங்கள். உரம் எதுவும் வேண்டாம்.

அதே நாளில் கன்றுகளையும் கவனியுங்கள். போன வருஷம் நீங்கள் பிடுங்கிய கன்றின் அடியைப் பார்த்தீர்களா? கைத்தடி போல வளைந்த ஒரு வேர்த்துண்டு இருந்திருக்கும், அதில் மயிர்வேர் ஏதும் இருந்திருக்காது. அது அதுவரை தாயின் வேரில்தான் குடித்துக்கொண்டிருந்தது. கன்றுக்கும் மரத்துக்கும் நடுவே மண்வெட்டியை ஒரு முறை இறக்கி உறவை வெட்டிவிட்டு, அது நின்ற இடத்திலேயே நிற்கட்டும். பசியெடுத்தால் தானே வேர் விடும். செப்டம்பரில் ஒரு பானை அளவு மண்ணோடு எடுத்துத் தொட்டியில் வையுங்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் உள்ள கன்றில் மூன்று நான்கைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால் உங்கள் நம்பிக்கையில் பாதியை இந்தக் கன்றுகள் மேல் வைப்பேன். இவை விதையிலிருந்து வந்தவை அல்ல. அத்தை வைத்த அதே மரம்தான், அதே வாசனைதான். அதை அவரிடம் சொல்லுங்கள், பிடிவாதம் கொஞ்சம் இளகும்.

கோழி எருவைப் பற்றி ஒரு வரி போதும்: பச்சை எரு வெந்நீர் மாதிரி, அறுபட்ட வேரைச் சுட்டுவிடும்.

இனி எடுக்கும் நாள். பெர்க் காற்று அடிக்கும் நாளாக இருந்தால் தள்ளிப் போடுங்கள். மலைப்பக்கமிருந்து இறங்கும் அந்த வறண்ட சூட்டுக் காற்று துணி உலர்த்த நல்லது, வேருக்கு எமன். முந்தின மாலை மரத்தடியில் நன்றாக ஊறும்படி தண்ணீர் விடுங்கள். உங்கள் பக்கம் மணல் கலந்த சிவப்பு மண் என்றால் இது கட்டாயம். நானே ஒரு முறை, பக்கி (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) காத்திருக்கிறது என்ற அவசரத்தில், நனைக்காமல் தோண்டி ஒரு நல்ல மரத்தைத் தூக்கினேன். தூக்கிய கையோடு தாய்மண் முழுதும் சர்ரென்று உதிர்ந்து, வேர்கள் கழுவிய கீரை போலத் தொங்கின. அந்த மரம் பிழைக்கவில்லை.

காலையில் கிளையைக் கவாத்து செய்யுங்கள். கூரை உயர மரத்தை மார்பு உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். இலையில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். மனசு கேட்காது, வெட்டுங்கள். வேர் பாதி போன பிறகு இலை முழுதும் நின்றால் அதுதான் மரத்தைக் கொல்லும். வெட்டிய இலையை நிழலில் உலர்த்திப் பொடி அரைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தூரிலிருந்து 30 செ.மீ. தள்ளித் தோண்டுங்கள். முன்பு அறுத்த வட்டத்துக்கு ஐந்து செ.மீ. வெளியே, புதுவேர்கள் உள்ளே வரும்படி. 40 செ.மீ. ஆழத்தில் அடியைச் சாய்வாக வெட்டிக்கொண்டு வந்தால் ஆணிவேர் தட்டுப்படும். அதை மட்டும் மண்வெட்டியால் கொத்தாதீர்கள். ரம்பத்தால் ஒரே சீராக அறுங்கள். நனைத்த சாக்கை அடியில் செருகி, நாலு மூலையையும் இழுத்துத் தூரோடு கட்டுங்கள். எடை நூறு கிலோவைத் தாண்டும். நாலு ஆள் வேண்டும். தூக்கும்போது சாக்கைப் பிடிக்க வேண்டும், மரத்தைப் பிடித்துத் தூக்கினால் மண் கழன்றுவிடும். வண்டியில் படுக்க வைத்து மேலே ஈரத் துணி மூடுங்கள். சுமார் 80 கி.மீ. பயணம்தான், ஆனால் நெடுஞ்சாலைக் காற்று திறந்த இலையைக் கருவாடாக்கிவிடும்.

புது வீட்டில் குழியை முந்தின வாரமே வெட்டி வையுங்கள். சாக்கு மண்ணைப் போல இரண்டு பங்கு அகலம், ஆழம் மட்டும் அதே அளவு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பல இடங்களில் களிமண். களிமண்ணில் குழி வெட்டி உள்ளே நல்ல எருமண்ணை நிரப்பினால் அது குளியல்தொட்டி ஆகிவிடும். மழைத்தண்ணீர் அதில் தேங்கி வேர் அழுகும். தோண்டி எடுத்த மண்ணையே கட்டி உடைத்துத் திரும்பப் போடுங்கள், குழிச் சுவரைக் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள், மரம் சுற்றுத் தரையைவிட இரண்டு விரல் மேலே நிற்கட்டும். மக்கிய எருவை மேலே மூடாக்காகப் பரப்பலாம், தூரைத் தொடாமல்.

எந்தப் பக்கம் வைப்பது என்பதிலும் ஊர்ப் புத்தகத்தை நம்பாதீர்கள். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம், குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து போகும். வீட்டின் வடக்குச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். பகலில் சூடேறிய செங்கல் இரவில் அந்தச் சூட்டை மரத்துக்குக் கொடுக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கும் ஊர். குளிர்காற்று இறங்கி அடியில் தங்கும், பள்ளமான தெருக்களில் உறைபனியும் விழும். சாட்ஸ்வர்த்தில் பனியே பார்க்காத மரம் இது. நட்ட பிறகு வருகிற முதல் ஜூன், ஜூலை இரவுகளில் நாலு குச்சி நட்டு, இலையில் படாமல் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்துங்கள், காலையில் எடுத்துவிடுங்கள்.

நட்டதும் இருபது லிட்டர் தண்ணீர், மெதுவாக. முதல் மாதம் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, அதுவும் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து. ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். புளித்த மோர் ஊற்றும் வழக்கம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. இந்த வருஷம் மோரைக் குடித்துவிடுங்கள், மரத்துக்குப் பச்சைத் தண்ணீர் போதும்.

இருக்கிற இலையும் மஞ்சளாகி உதிரும். அதைப் பார்த்து அத்தை அழுவார். உதிர்வது கெட்ட சகுனம் இல்லை, மரம் செலவைக் குறைத்துக்கொள்கிறது. சந்தேகமாக இருந்தால் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள்: கீழே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் இன்னும் ஒரு ஜாண் கீழே சுரண்டிப் பாருங்கள். நவம்பர் முடியும் வரை தோண்டிப் பார்ப்பதோ பிடுங்குவதோ கூடாது.

புரட்டாசி விரதம் நட்ட கையோடு வந்துவிடும். தினமும் தாளிப்பு, தினமும் கறிவேப்பிலை. புதுத்துளிர் கண்ணில் படும்போது கை தானாகப் போகும். முதல் கோடை முழுக்க ஒரு இணுக்குக்கூடப் பறிக்காதீர்கள், கடையில் வாங்குங்கள்.

கடைசியாக, மண்வெட்டியை எடுக்கும் முன் செய்ய வேண்டிய ஒன்று. தரையில் வேரூன்றிய மரம் இந்நாட்டுச் சட்டப்படி வீட்டோடு சேர்ந்த சொத்து. வாங்குபவர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்திலேயே ‘கறிவேப்பிலை மரம் விற்பனையில் சேராது’ என்று எழுதச் சொல்லுங்கள். நீங்கள் மாகாணத்துக்குள்ளேயே போகிறீர்கள். எல்லை தாண்டிப் போகும் வாசகர்கள் வேளாண்மைத் துறையில் கேட்டுவிட்டு எடுங்கள், எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளை நகர்த்துவதற்கு விதிகள் உண்டு, கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தான்.

குழியை மூடிவிட்டு வாருங்கள். ஆனால் அறுபட்ட வேர்கள் மண்ணுக்குள் கிடக்கும். கோடை மழை பிடித்ததும் அந்த இடத்தைச் சுற்றிப் புதுக் கன்றுகள் தலைகாட்டும். வீட்டை வாங்குபவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், களை என்று புல்வெட்டியை ஓட்டிவிடப் போகிறார்.