கால் இறாத்தல் பாணுக்குள் இருப்பது யாருடைய பண்பாடு?

கேள்வி: சென்ற இதழில் உலக நாடுகளின் சாண்ட்விச் வகைகளையும் சுருட்டு ரொட்டி வகைகளையும் இரண்டு பக்கங்களில் படங்களுடன் வெளியிட்டிருந்தீர்கள். இலையில் சோறிட்டு அமர்ந்துண்ட எங்கள் மக்களுக்கு, நின்றபடியும் நடந்தபடியும் காகிதத்தைக் கிழித்துத் தின்னும் பழக்கம் எதற்கு? கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வரை வீதியோரம் முழுவதும் ஷவர்மாக் கடைகளாகிக் கொண்டிருக்கின்றன. சோம்பேறிப் பிரபு ஒருவர் சூதாட்டத்துக்கு இடையில் கண்டுபிடித்த உணவை எங்கள் பிள்ளைகளுக்குப் பரிந்துரைப்பதை உங்கள் இதழ் நிறுத்துமா?
— வாசகர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: முதலில் அந்தப் பிரபுவை விடுவித்துவிடுவோம். சாண்ட்விச் என்ற சொல் உணவின் பெயராக எழுத்தில் முதன்முதலில் காணப்படுவது வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன் 1762 நவம்பரில் எழுதிய நாட்குறிப்பிலாகும். நான்காவது சாண்ட்விச் பிரபுவான ஜோன் மொண்டேகு சூதாட்ட மேசையை விட்டெழ மனமில்லாமல் பாண் துண்டுகளுக்கிடையில் இறைச்சியை வைத்துத் தரச் சொன்னார் என்பது, லண்டனுக்கு வந்துபோன பிரெஞ்சுக்காரர் ஒருவர் தமது பயண நூலில் எழுதிவைத்த ஊர்க்கதை. பிரித்தானியக் கடற்படை நிருவாகத்தின் தலைமைப் பதவியை மூன்று தடவை வகித்த அந்த மனிதர், எழுத்து மேசையை விட்டெழ நேரமில்லாமல்தான் அவ்வாறு உண்டிருக்க வேண்டும் என்று அவரது வாழ்க்கையை ஆராய்ந்து எழுதியவர் கருதுகிறார். எப்படியாயினும் பெயர்தான் அவருடையது. அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, பாஸ்கா என்ற யூதர் திருநாளின் இரவில் ஆட்டிறைச்சியையும் கசப்புக் கீரையையும் புளிக்காத ரொட்டியோடு சேர்த்து உண்டவர் யூத அறிஞர் ஹில்லெல் என்று யூத மரபு சொல்கிறது.

உங்கள் கேள்வியில் எமக்கு உறுத்துவது ‘சோம்பேறி’ என்ற சொல். கையில் பிடித்து உண்ணும் உணவுகளின் பிறப்பிடங்களைத் தேடிப் போனால், பெரும்பாலும் உட்கார இடமும் கழுவத் தண்ணீரும் கிடைக்காத உழைப்பாளிகளிடமே போய்ச் சேர்வோம். இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் தகரச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதிந்த பேஸ்டி என்ற மடிப்புப் பலகாரத்தைக் கொண்டு போனார்கள். மும்பையின் வடா பாவ், 1966 அளவில் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே, ஆலைகளுக்கு ஓடிக்கொண்டிருந்தவர்களுக்காக விற்கப்படத் தொடங்கியது. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் 1929இல் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்பு தாங்களும் டிராமில் வேலை செய்த மார்ட்டின் சகோதரர்கள் தங்கள் கடையில் அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த நீளப் பாணுக்கு ‘ஏழைப் பையன்’ என்று பொருள்படும் ‘போ பாய்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இவர்களில் எவரும் சோம்பேறி அல்லர்.

சென்ற இதழில் நாம் அரைப் பத்தியில் முடித்துவிட்ட, அதற்காக இப்போது வருந்துகிற ஓர் உணவு தென்னாபிரிக்காவின் பன்னி சௌ. டர்பன் நகரில் நீங்கள் ஒரு கடைக்குள் நுழைந்து ‘கால் மட்டன்’ என்று சொன்னால், அச்சுப் பாணில் கால் பங்கை வெட்டி, நடுவிலுள்ள மென்மையான பகுதியைத் தோண்டி எடுத்து, அந்தக் குழிக்குள் கொதிக்கும் ஆட்டிறைச்சிக் கறியை ஊற்றி, தோண்டிய பாணை மூடியாக மேலே வைத்துத் தருவார்கள். கரண்டி கிடையாது. மூடியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துத் தொடங்கி, சுவர்களை மேலிருந்து கீழாகப் பிய்த்து உண்டு, குழம்பை உறிஞ்சிக் கனத்துப்போன அடிப்பாகத்தில் முடிக்க வேண்டும். அவசரப்பட்டு முதலில் அடிச்சுவரைப் பிய்த்தவருடைய சட்டை அந்த நாள் முழுவதும் அவருடைய அறியாமையைப் பறைசாற்றும். இறைச்சி வேண்டாதவர்களுக்கு அவரைக் கறி ஊற்றிய பன்னியும் உண்டு. பழையது அதுதான் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

இதைச் செய்தவர்கள் யார்? 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பலில் டர்பனில் போய் இறங்கியவர்கள் தொடக்கம், 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் இந்தியர்களின் வழிவந்தவர்களும், அவர்களைப் பின்தொடர்ந்து போன வணிகர்களுமே. அந்தக் கூலிகளில் பெருந்தொகையினர் தமிழர்கள். நிறவெறி ஆட்சிக் காலத்தில் கறுப்பின மக்கள் கடைக்குள் அமர்ந்து உண்ண முடியாதிருந்தபடியால், பாத்திரம் தேவைப்படாத இந்த உணவு பின்பக்க யன்னல் வழியாக அவர்களுக்குக் கைமாறியது என்று டர்பனில் சொல்லப்படுகிறது. ‘பன்னி’ என்பது முயலைக் குறிப்பதன்று, ‘பனியா’ என்ற வணிகர் பெயரின் திரிபு என்பதே பரவலான விளக்கம். நாம் இங்கே பேக்கரியில் ‘கால் இறாத்தல் பாண்’ என்று கேட்கும் அதே குரலில் அங்கே ஒருவர் ‘கால் மட்டன்’ என்று கேட்கிறார். அந்தக் குழிக்குள் இருக்கும் கறித்தூளின் வாசனையை அந்நியம் என்று ஒதுக்குவதற்கு முன் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள்.

இனி ஷவர்மாவுக்கு வருவோம். சுழற்றுதலைக் குறிக்கும் துருக்கிச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. செங்குத்துக் கம்பியில் இறைச்சியை அடுக்கிச் சுழலவிட்டுப் பக்கத்திலிருந்து சூடேற்றும் முறை 19ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் துருக்கியில் உருவானது. 1961இல் ஜெர்மனி துருக்கியுடன் தொழிலாளர் ஒப்பந்தம் செய்தபின் அங்கு போனவர்களோடு அது பெர்லின் தெருவுக்குப் போனது. லெபனானிலிருந்து குடிபெயர்ந்தவர்களோடு மெக்சிக்கோவுக்குப் போய், அங்கே சோள அடைக்குள் அன்னாசித் துண்டுடன் டாக்கோவாகிவிட்டது. காத்தான்குடிக்கும் சாய்ந்தமருதுக்கும் அது வந்த வழி உங்களுக்குத் தெரியாததன்று. வளைகுடாவில் பத்து, பதினைந்து ஆண்டுகள் குபூஸ் என்ற அரபு ரொட்டியைத் தின்று உழைத்துத் திரும்பியவர் தமக்குத் தெரிந்த தொழிலை ஊரில் தொடங்குகிறார். அவர் மீது குற்றம் காண நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஒரு விடயத்தில் உங்கள் கவலை நியாயமானது. பச்சை முட்டையில் அடித்த மயோனைஸை நமது வெயிலில் மேசை மீது வைத்திருப்பதும், உட்புறம் வேகாத இறைச்சியை அவசரத்தில் சீவிக் கொடுப்பதும் ஆபத்தானவை. அத்தகைய மயோனைஸைக் கேரள அரசு 2023இலும், தமிழ்நாட்டு அரசு 2025இல் ஓராண்டுக்கும் தடை செய்தன. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்; அவருடைய உணவு எந்தத் தேசத்தது என்பதன்று.

நமக்குக் கையுணவுப் பழக்கமே இல்லை என்ற உங்கள் எண்ணத்தை எம்மால் ஏற்க முடியவில்லை. எமது சிறு வயதில், சூடு மிதிக்கும் காலத்தில் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போகிறவர்களுக்கு எமது பாட்டி விடிவதற்கு முன்பே தேங்காய்ப்பூ ரொட்டி சுடுவார். விரல் தடிப்பில் சுட்ட இரண்டு ரொட்டிகளுக்கு நடுவே கட்டைச் சம்பலை வைத்து, உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்தி, வாட்டிய வாழையிலையில் சுற்றி வாழைநாரால் கட்டிவிடுவார். பத்து மணிக்கு வயல் குடிலான வாடியின் நிழலில் அவிழ்க்கும்போது தேசிக்காய்ப் புளி ரொட்டியின் உட்புறத்தில் மட்டும் ஊறியிருக்கும்; கருகிய வெளிப்புறம் அப்படியே விறைப்பாக இருக்கும். போடியாரின் வயலில் அதை ஒரு கையில் பிடித்து உண்டவர்களின் மறு கையில் மாட்டுக் கயிறு இருந்தது. களுவாஞ்சிகுடியில் உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். நாம் அதற்கு ஒரு பெயர் வைக்காமல் விட்டோம், அவ்வளவுதான்.

பாணுக்கும் நமக்கும் உள்ள உறவையும் எண்ணிப் பாருங்கள். பாண், போறணை இரண்டும் போர்த்துக்கேயச் சொற்கள். 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டிய அவர்களிடமிருந்து பத்து ஆண்டுகளில் ஒல்லாந்தர் அதைப் பறித்துக்கொண்டனர். கோட்டை கைமாறியபின்னும் சொற்கள் போகவில்லை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்து அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, கோதுமை மா பங்கீட்டில் வந்து, பாண் சாதாரண வீடுகளுக்குள்ளும் இடம்பிடித்தது. வியட்நாமியருக்கும் பாண் இப்படித்தான் ஆட்சியாளரிடமிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் வெளியேறிய பின்னர், அவர்களுடைய நீளப் பாணை சைகோன் மக்கள் பிளந்து, உள்ளே புளிக்காடியில் ஊறிய கரட்டும் முள்ளங்கியும், கொத்தமல்லித் தழையும், பச்சை மிளகாயும், இறைச்சியும் வைத்து, பான் மீ என்ற தமது தேசிய உணவாக்கிவிட்டார்கள். பாண் பிரெஞ்சுக்காரருடையது, உள்ளே இருப்பது வியட்நாமியருடைய தோட்டம்.

நாம் என்ன வைத்தோம்? அண்மையில் பஸ் நிலையமொன்றுக்கு எதிரே வாங்கிய மீன் பணிஸ் ஒன்றைப் பிளந்து பார்த்தோம். நான்கு விரல் அகல மாவுக்குள் நெல்லிக்காயளவு உருளைக்கிழங்கு இருந்தது. மீன் வந்துபோனதற்கான மணம் மட்டும் இருந்தது. ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலும் உள்ள ஊரில் இது நடக்கிறது! உங்கள் கோபத்தில் பாதியையாவது அந்தப் பணிஸுக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வயிற்றை நிறைக்கும் கையுணவுகளை உற்றுப் பார்த்தால், அவற்றில் ஒரு புளிப்போ காரமோ கொழுப்பை வெட்டிக்கொண்டிருக்கும். டாக்கோவுக்குத் தேசிக்காய், வடா பாவுக்கு உலர்ந்த உள்ளிச் சட்னி, திரினிடாட்டில் இரண்டு பரா ரொட்டிகளுக்கிடையில் கடலைக் கறி வைக்கும் டபிள்ஸுக்குப் புளிச் சட்னி. உள்ளீடு உலர்வாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். ஈரம் மிகுந்தால் ரொட்டி பத்து நிமிடத்தில் கூழாகிவிடும். இந்த இரண்டுக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. சுறா வறை உதிரியாக இருப்பதால் சுருட்டிய ரொட்டிக்குள் மதியம் வரை நிற்கும்; அதனோடு பச்சை மாங்காய்ச் சம்பலோ கூனிச் சம்பலோ சேர்ந்தால் எந்த நாட்டுச் சுருட்டு ரொட்டிக்கும் அது குறைந்ததாகாது. நமது ஊர் பெருமையாக உரிமை கோரும் கொத்து ரொட்டியைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது: கறியைப் பொதிந்து கையில் கொண்டுபோகவென்றே பிறந்தது போன்ற ரொட்டியைத் தகட்டில் போட்டு ஊர் கேட்க வெட்டிப் பீங்கானில் பரப்பியவர்கள் நாம். சுவையில் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அதைத் தின்ன மேசை தேவைப்படுகிறது.

இலையில் சோறிட்டு உண்பதை எவரும் நிறுத்தச் சொல்லவில்லை. காலை ஆறு மணி பஸ்ஸில் அம்பாறைக்கு வேலைக்குப் போகிறவருக்கு இலை விரிக்க இடமில்லை என்பதே எமது பேச்சு. ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: நிறுத்த மாட்டோம். அடுத்த இதழில் கால் இறாத்தல் பாணில் பன்னி சௌ செய்யும் முறையை, இம்முறை அரைப் பத்தியில் முடிக்காமல், முழுமையாக வெளியிடுகிறோம். அதற்கு அடுத்த பக்கத்தை உங்களுக்காகக் காலியாக வைத்திருக்கிறோம். உங்கள் தாயார் வட்டைக்குக் கட்டிக்கொடுத்த ரொட்டியின் செய்முறையை, தேங்காய்ப்பூவின் அளவு தவறாமல், இந்த மாத இறுதிக்குள் எழுதி அனுப்புங்கள்.