சட்டம் கேளுங்கள்: பணிநீக்கப்பட்ட ஆசிரியை எங்கே முறையிடுவது?

கேள்வி: மும்பையில் அரசு உதவி பெறாத ஒரு தனியார் பள்ளியில் நிரந்தர ஆசிரியையாக இருந்தேன். மதிப்பெண் பதிவேட்டைத் திருத்தியதாகக் குற்றம் சாட்டி, நிர்வாகமே அமர்த்திய ஒருவர் தனியாக விசாரித்து அறிக்கை தர, மூன்று வாரங்களுக்கு முன் பணிநீக்க உத்தரவு கொடுத்துவிட்டார்கள். நேரடியாக உயர் நீதிமன்றம் செல்லலாமா?
வாசகி, தாராவி

பதில்: உடனே நாள் கணக்கைப் பாருங்கள். மகாராஷ்டிரத் தனியார் பள்ளி ஊழியர்களுக்கான 1977-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு உதவி பெறாத பள்ளிகளையும் கட்டுப்படுத்தும். அதன் 9-ஆவது பிரிவின்படி, உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் பள்ளித் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதம் மன்னிக்கப்படலாம் என்றாலும், அதை நம்பி இருக்கும் ஒரு வாரத்தையும் இழந்துவிடாதீர்கள். இப்படி ஒரு வழியைச் சட்டமே வகுத்திருக்கும்போது, ரிட் மனுவை உயர் நீதிமன்றம் பெரும்பாலும் ஏற்காது. தொழிலாளர் நீதிமன்றமும் உங்களுக்கு இல்லை. ஆசிரியர் ‘தொழிலாளி’ அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1988-இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

ஒருவரே விசாரித்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வழக்கின் உயிர்நாடி அதுதான். 1981-ஆம் ஆண்டு விதிகளின் 36-ஆவது விதிப்படி விசாரணைக் குழுவில் மூவர் இருக்க வேண்டும்: நிர்வாகத்தின் சார்பில் ஒருவர், ஊழியர் தாமே தேர்ந்தெடுக்கும் ஒருவர், அரசு விருது பெற்ற ஆசிரியர்களிலிருந்து ஒருவர். உங்கள் பிரதிநிதியின் பெயரைக் கேட்டு நிர்வாகம் கடிதம் அனுப்பி, நீங்கள் பதில் தராமல் விட்டிருந்தால், உங்கள் தரப்பு உறுப்பினர் இல்லாமலேயே குழு அமைந்துவிடும். அப்போதும் ஒருவர் மட்டும் விசாரிக்க இடமில்லை. ஆகவே குற்றப்பத்திரிகை முதல் கடைசிக் கடிதம் வரை அனைத்தையும் தேதிவாரியாக அடுக்கி வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

தீர்ப்பாயம் உத்தரவை ரத்து செய்து உங்களை மீண்டும் பணியில் சேர்க்கச் சொல்லலாம். குற்றம் நிரூபணமானதாகக் கருதினாலும் தண்டனையைக் குறைக்கலாம். அங்கே தோற்றால், அந்தத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்லும் வழி அப்போது திறக்கும்.

இன்னொன்று, பலரும் மனுவில் எழுதத் தவறுவது: பணிநீக்கத்துக்குப் பின் வேறு எங்கும் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை என்றால், அதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். மகாராஷ்டிர ஆசிரியை ஒருவருக்கு உயர் நீதிமன்றம் மறுத்த முழு நிலுவைச் சம்பளத்தை 2013-இல் உச்ச நீதிமன்றம் மீட்டுத் தந்தபோது, அவர் அவ்வாறு கூறியதும், அதை மறுக்க நிர்வாகம் ஆதாரம் எதுவும் காட்டாததும் அவருக்குப் பெரிதும் துணைநின்றன.